நான்காம் எண் கடையும் மார்ச் மூன்றாம் தேதியும்

எங்கள் குடும்பத்தில் முதலில் சொல்லப்படும் வார்த்தைக்கு மரியாதை கிடையாது. அப்பாவுக்கு ஜவுளி, பெரியப்பாவுக்குப் பாத்திரம், எனக்குப் பொத்தானும் ஜிப்பும் லேஸும். மூன்று கடைகளிலும் முதலில் சொல்வது விலை அல்ல, பேச்சைத் தொடங்குவதற்கான கனைப்பு. கடையைப் பூட்டினாலும் இந்தப் பழக்கம் எங்களோடு வீட்டுக்கு வந்துவிடும். மருத்துவர் பத்து நாள் படுக்கையில் இருக்கச் சொன்னால், அப்பா அதை நாலு நாளுக்குப் பேசி முடித்துவிட்டு, “நல்ல மனுஷன், இறங்கி வந்தாரு” என்று அவரைப் பாராட்டிக்கொண்டே படியேறுவார். ஆறு மணி ரயிலுக்கு ஆறேகாலுக்குப் போய் நின்ற அனுபவமும் உண்டு. ரயில் மட்டும் இறங்கி வரவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு கணினி முதல் வார்த்தையிலேயே உண்மையைச் சொன்னால் அதை யார் நம்புவார்கள்?

அன்று சனிக்கிழமை. காலை பத்து மணி ஐந்து நிமிடம். என் மனைவி கணினி முன்னால் அமர்ந்து ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, ஒண்ணுமே வரல.”

“கொஞ்ச நேரம் விட்டுப் பிடி.”

“கொஞ்ச நேரம்னா? பதினோரு மணிக்குத் திறக்கப் போறாங்க.”

திறக்கப் போவது நகராட்சியின் இணையப் பக்கம். பேருந்து நிலையத்தை ஒட்டிப் புதிதாகப் பன்னிரண்டு கடைகள் கட்டியிருந்தார்கள். பதினொரு மணிக்குப் பக்கம் திறக்கும். யார் முதலில் விண்ணப்பிக்கிறார்களோ அவர்களுக்கே அந்தக் கடை. சிபாரிசு கிடையாது, குலுக்கல் கிடையாது.

என் மனைவி பை பழுது பார்ப்பவள். அறுந்த பிடி, பிளந்த தையல், பல் போன ஜிப், உடைந்த பெட்டிச் சக்கரம் எல்லாம் அவள் கையில் பிழைத்துப் போகும். ஆறு வருடமாக எங்கள் வீட்டின் பின்னறைதான் பட்டறை. வீடு இருப்பதோ மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. சக்கரம் உடைந்த பெட்டியை, சக்கரம் உடைந்த காரணத்தாலேயே, தலையிலோ தோளிலோ சுமந்து மூன்று மாடி ஏறவேண்டும். பாதிப்பேர் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் திரும்புவதை அவள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு வேண்டியது நான்காம் எண் கடை. பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் வெளியே வரும் வழி அது. அவசரத்தில் இழுத்து ஜிப்பைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் அங்கேதான் வந்து நிற்பார்கள். கட்டடம் எழும்போதே மூன்று முறை போய் அளந்து வந்து, தையல் மெஷின் எங்கே, பெட்டி அடுக்கும் பலகை எங்கே, தன் நாற்காலி எங்கே என்று ஒரு தாளில் வரைந்து வைத்திருந்தாள். அந்தத் தாள் நாலாக மடிந்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடந்தது.

“போன்ல போட்டுப் பார்த்தியா?” என்றேன்.

“போன்ல எல்லாம் வருது. நகராட்சிப் பக்கமும் வருது. ‘இந்த விண்ணப்பத்தைக் கணினியில் மட்டுமே நிரப்ப இயலும்’னு போட்டிருக்கான். போனோட இணைப்பைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தும் பார்த்துட்டேன். அப்பவும் இதேதான். வியாழக்கிழமைகூட நல்லா இருந்துச்சுங்க. காகிதம் எல்லாம் ஏத்தி வச்சேனே.”

அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்தார். சுவரில் மினுக்கிக்கொண்டிருந்த மோடத்தைச் சுற்றி வந்து, துணியின் நெருக்கத்தைப் பார்ப்பதுபோல் அதன் வயர்களை விரல்களுக்கிடையே தேய்த்தார். “கம்பெனிக்குப் போனைப் போடு. நான் பேசறேன்.”

இணைய நிறுவனத்தில் ஒரு பெண் எடுத்தாள். குரலில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

“சார், மோடத்தை அணைச்சுட்டு, முப்பது வினாடி கழிச்சுப் போடுங்க.”

“முப்பது ரொம்ப அதிகம்மா. பதினஞ்சு வச்சுக்கலாம்.”

“இல்ல சார், முப்பது.”

“உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், இருபது.”

“சார், இதுல குறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார். முப்பதுதான்.”

அப்பா இருபத்திரண்டாவது வினாடியில் போட்டுவிட்டு, எட்டு வினாடி லாபம் என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்தன. கணினியில் ஒன்றும் மாறவில்லை.

“சார், அதே வைஃபைல போன் வேலை செய்யுதா?”

“செய்யுது.”

“அப்ப எங்க பக்கம் சரியா இருக்கு சார். உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ பிரச்சினை.”

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் திரும்பினார். “எடுத்த எடுப்பிலேயே தப்பு எங்களுது இல்லங்கறா. கெட்டிக்காரப் பொண்ணு. இவ நம்ம கடையில இருந்திருக்கணும்.” பிறகு போனில், “அதெல்லாம் இருக்கட்டும்மா, நீ கொஞ்சம் உன் பக்கமும் பாரேன்,” என்றார்.

“பார்த்துட்டேன் சார். சரி, திரையில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டறீங்களா?”

“என்ன எழுதுவான்? வரலன்னுதான் எழுதியிருக்கான்.”

“முழுசாப் படிங்க சார்.”

“வரலங்கறதை எத்தனை வரியில எழுதினாலும் வரலதானே?”

அதற்குமேல் அந்தப் பெண் வாதாடவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டாள். கடைசிவரை குரல் மாறவில்லை. எனக்கே அவள்மேல் மரியாதை வந்தது.

பத்து இருபதுக்கு என் மச்சான் வந்து சேர்ந்தார், மனைவியின் அண்ணன். மின்சாமான் கடை வைத்திருக்கிறார். ஊருக்குள் அவருக்குக் ‘காரண்டி’ என்று பெயர். மெழுகுவர்த்தி வாங்கினால்கூட ஆறு மாதம் காரண்டி கொடுக்கிறவர். தங்கை போன் செய்ததும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, ஒரு பை நிறைய வயரோடு மூன்று மாடி ஏறியிருந்தார்.

“முனையில இருக்கற இணையக் கடையைப் பார்த்துட்டுத்தான் வரேன்,” என்றார் மூச்சு வாங்க. “முப்பது பேர் நிக்கறான். எல்லார் கையிலயும் நகராட்சி விண்ணப்பம். அங்க போனா உனக்கு நாலாம் நம்பர் இல்ல, நாற்பதாம் நம்பர்தான் கிடைக்கும்.”

“எதிர் வீட்டுல?” என்றேன்.

“லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு நேத்தே ஊருக்குப் போயிட்டாங்க,” என்றாள் மனைவி. “அண்ணா, நீங்க முதல்ல இதைப் பாருங்க.”

“வயர்தான். நூத்துக்கு நூறு வயர். நான் காரண்டி.”

பழைய வயரைக் கழற்றிப் புதிய வயரைப் போட்டார். வரவில்லை. அந்த வயரையும் கழற்றி இன்னொன்றைப் போட்டார். வரவில்லை. “அப்ப சாக்கெட்,” என்றார் கொஞ்சமும் தளராமல். “நூத்துக்கு நூறு.” அவருடைய நூற்றுக்கு நூறுகளைக் கூட்டிப் பார்த்தால் அன்று காலை மட்டும் ஐநூறு தேறும்.

இந்த நேரம் பார்த்து வாசலில் மூச்சிரைப்புச் சத்தம். ஒரு கறுப்புப் பெட்டியை இடுப்பில் அணைத்தபடி கண்ணாடி போட்ட ஒரு அம்மா நின்றார். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்ப்பவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியின் ஏதாவது ஒரு உறுப்பை இழந்துவிட்டு வருவார்.

“சக்கரம்,” என்றார். அதற்குமேல் பேச மூச்சில்லை.

“அக்கா, ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. இன்னிக்கு மட்டும்,” என்று மனைவி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அந்த அம்மா அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் ஆரம்பித்து மருந்துச் சீட்டு, தீப்பெட்டி என்று அறையில் எழுத்து இருக்கும் எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்கத் தொடங்கினார்.

நான் மேசைக்கு அடியில் மண்டியிட்டு, மச்சான் சொன்னபடி ஒரு பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். “இப்ப?” என்பார் மச்சான். “இல்ல,” என்பாள் மனைவி. “இப்ப?” “இல்லண்ணா.” முட்டி வலித்ததால் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எழும்போது திரையின் கீழ் மூலை என் மூக்குக்கு நேரே வந்தது. அங்கே சின்ன எழுத்தில் தேதி இருந்தது.

மார்ச் 3. வருடம், இரண்டு வருடத்துக்கு முந்தையது.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமையில் எனக்கு மார்ச் மாதத்து வியர்வை வந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொத்தான் பாக்கெட்டுகளுக்கும் ஜிப் கட்டுகளுக்கும் லேபிள் அடிக்க ஒரு மென்பொருள் வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனியுடையது, அருமையான சரக்கு. முதல் முப்பது நாள் இலவசம், பிறகு வாங்க வேண்டும். முப்பதாவது நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. கணினியின் தேதியை முதல் நாளுக்குத் திருப்பி வைத்தேன். அந்த மென்பொருள் என்னை அன்றுதான் பார்ப்பதுபோல வரவேற்று, முப்பது நாள் இலவசம் என்றது. அதிலிருந்து லேபிள் அடிக்க வேண்டிய போதெல்லாம் தேதியை மார்ச் மூன்றுக்கு இழுத்துவிட்டு, வேலை முடிந்ததும் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவேன், சாமான் எடுத்த அலமாரியைச் சாத்துவதுபோல. கணினி தானாகத் தேதியைத் திருத்திக்கொள்ளும் வசதியையும் அணைத்து வைத்திருந்தேன். முப்பது நாளை இரண்டு வருடமாக இழுத்தவன் நான். நேற்றுச் சாயங்காலம் லேபிள் அடித்து முடிக்கும்போது ஒரு மொத்த வியாபாரி போனில் வந்தார். லேஸ் விலை பேசிக்கொண்டே எழுந்து போய்விட்டேன். அலமாரி திறந்தே கிடந்தது.

கணினி மார்ச்சில் வாழ்கிறது. இணையம் அக்டோபரில் இருக்கிறது. இரண்டு வருடம் பின்னால் நிற்கிறவனை நம்பி எந்தப் பக்கமும் கதவைத் திறக்காது. அவ்வளவுதான் கோளாறு.

எட்டு வினாடி வேலை. சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த மென்பொருளைக் கம்பெனிக்காரனிடம் பேசிக் கால் விலைக்கு வாங்கினேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அப்பா அதைக் கடைத்தெரு முழுக்கச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் கால் விலை என்பது பதக்கம். வணிகர் சங்கத்தில் என்னை அழைத்து ‘வெளிநாட்டு நிறுவனங்களிடம் விலை பேசுவது எப்படி’ என்று அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசினேன். கேள்விகளுக்குப் பதிலும் சொன்னேன். கடைசியில் ஒரு பொன்னாடையும் போட்டார்கள். அது அப்பாவின் கடைச் சரக்குதான்.

ஆகவே யாருக்கும் தெரியாமல் எட்டு வினாடி வேண்டும். அறையில் நாலு பேர்.

“எல்லாரும் கொஞ்சம் கீழே போய் டீ குடிச்சுட்டு வந்தா என்ன?” என்றேன். “நான் வாங்கித் தரேன்.”

அப்பா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “இவன் வாங்கித் தரேங்கறான்,” என்றார் மச்சானிடம். “எங்கயோ எதையோ உடைச்சிருக்கான்.”

அறையில் இருப்பது வியாபாரிகள் என்பதை மறந்துவிட்டேன். கேட்காமலே இறங்கி வருகிறவனைத்தான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம்.

டீயை விட்டுவிட்டு மெல்ல மனைவியின் பின்னால் போய் நின்று, பேச்சோடு பேச்சாக மௌஸை நோக்கிக் கையை நீட்டினேன். பார்க்காமலே என் கையைத் தட்டிவிட்டாள்.

“தொடாதீங்க. ஏற்கெனவே வரல.”

“நீ கொஞ்சம் முகம் கழுவிட்டு வாயேன். களைச்சிருக்கே.”

“மணி பத்து நாற்பது. முகமா இப்ப முக்கியம்?”

நான்காம் எண் கடையின் தாளைப் பிரித்து, மறுபடி மடித்து, மறுபடி பிரித்தாள். மடிப்பில் தையல் மெஷின் வரைந்த இடம் கிழியத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் பெட்டிக்காரம்மா எழுந்து வந்தார். அறையில் அவர் படிக்காமல் மிச்சம் இருந்த எழுத்து கணினித் திரை ஒன்றுதான்.

“தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார். “எதுவா இருந்தாலும் முழுசாப் படிக்கலன்னா எனக்குக் கை நடுங்கும்.”

“அதுல ஒண்ணும் இல்லம்மா, வரலன்னு எழுதியிருக்கான்,” என்று நான் திரைக்கு முன்னால் நகர்ந்தேன். என் உடம்பின் அகலம் பெரிது. ஆனால் அந்த அம்மா நாற்பது வருடமாக அடுத்தவர் தோளுக்கு மேலாகப் படித்துப் பழகியவர்.

“மேல வரலன்னு பெரிசா இருக்கு. கீழ இன்னொரு வரி பொடியா இருக்கே,” என்று படித்தார். “‘உங்கள் கணினியின் தேதி தவறாக இருப்பதால் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை. தேதியைச் சரிபார்க்கவும்.’ வேற பிழை ஒண்ணும் இல்ல.”

நாலு தலைகளும் ஒரே நேரத்தில் திரையின் மூலைக்குத் திரும்பின.

“மார்ச்சா?” என்றாள் மனைவி. “ரெண்டு வருஷத்துக்கு முந்தின மார்ச்சா?”

“காலையிலேர்ந்து இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சா இது?” என்றார் அப்பா, மனம் புண்பட்டவராக.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் என்னைக் காப்பாற்ற ஒருவர் இருந்தார்.

“பேட்டரி,” என்றார் மச்சான். நெற்றியில் அடித்துக்கொண்டார். “எனக்கு முதல்லயே தோணியிருக்கணும். உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும், வட்டமா, சட்டைப் பொத்தான் சைஸுக்கு. அது செத்துட்டா தேதி பின்னால ஓடிரும். நூத்துக்கு நூறு. நான் காரண்டி.”

எனக்கு உயிர் வந்தது. செத்துப்போன பேட்டரி. எதிர்த்துப் பேசாது, சங்கத்தில் போய்ச் சொல்லாது. பழியைப் போட இதைவிட நல்ல ஆள் உலகத்தில் கிடைக்குமா?

“ஆமாமா, பேட்டரியாத்தான் இருக்கும்,” என்றேன். “தேதியை மாத்திடலாம். அவ்வளவுதானே?”

“மாத்தினா நிக்காது மாப்ள. மாத்த மாத்த ஓடும். பாதி விண்ணப்பத்துல மறுபடி மார்ச்சுக்குப் போச்சுன்னா இவ கடை போயிடும்.” பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். “மெஷினை அணைச்சுத் திறந்துடறேன். பேட்டரி என் கடையில இருக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடுவேன்.”

“உங்க கடைக்குப் போக வரவே கால் மணி நேரம் ஆகுமே.”

“ஓடுவேன் மாப்ள.”

மச்சான் ஓடி நான் பார்த்ததில்லை. மூன்று மாடி ஏறியதற்கே இன்னும் அவருக்கு மூச்சு ஒழுங்காக வரவில்லை. எங்கள் கணினியும் அப்படித்தான். அணைத்தால் மறுபடி எழுந்து உட்கார ஏழு நிமிடம் வேண்டும். மணி பத்து நாற்பத்தொன்பது.

“முதல்ல மாத்திப் பார்த்துடலாமே மச்சான், நிக்குதா இல்லையான்னு.”

“எலக்ட்ரிக்கல் எனக்குத் தெரியுமா உங்களுக்குத் தெரியுமா?”

“அண்ணன் சொல்றதைச் செய்யட்டுங்க,” என்றாள் மனைவி. “பாதியில நின்னா என்னால தாங்க முடியாது. அணைச்சுருங்கண்ணா.”

மச்சானின் விரல் பொத்தானை நோக்கிப் போனது. அந்த ஒரு சாண் தூரத்துக்குள் நான் எனக்குள்ளேயே எவ்வளவோ பேசிப் பார்த்தேன். பாதி உண்மை சொன்னால் போதுமா? நேற்றுக் கை தவறிப் பட்டிருக்கும் என்றால்? கை தவறி இரண்டு வருடம் பின்னால் போகுமா? அதை நம்பமாட்டார்கள், அதற்குள் அணைத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் மச்சானின் விரல் நிற்காது. அது நிற்க வேண்டுமானால் பேட்டரி பிழைக்க வேண்டும். பேட்டரி பிழைத்தால் நான் செத்தேன்.

அவள் அந்தத் தாளை மறுபடி மடிக்கிறாள்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு மச்சான்,” என்றேன். “தேதியை மாத்தினது நான்தான்.”

விரல் நின்றது.

“எதுக்கு?” என்றாள் மனைவி.

சொன்னேன். இலவசம், முப்பது நாள், மார்ச் மூன்று, நேற்று வந்த போன். ஒரு வார்த்தையும் விடவில்லை. அப்பா பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

“அப்ப கால் விலைக்கு வாங்கினேன்னு சொன்னது?” என்று அப்பாவின் குரல் வந்தது.

“வாங்கவே இல்லப்பா.”

“ஒண்ணுமே கொடுக்கல?”

“ஒண்ணுமே.”

“இதை நீ சங்கத்துல சொல்லியிருக்கணும்டா,” என்றார் அப்பா. “கால் விலைன்னு சொல்லி உன் மதிப்பை நீயே குறைச்சுக்கிட்டே.”

மனைவி நாற்காலியை விட்டு எழுந்தாள். நான் உட்கார்ந்தேன். மூலையில் ஒரு தட்டு, பட்டியலில் ஒரு தட்டு, மாதம், நாள், வருடம், சரி. எட்டு வினாடிகூட ஆகவில்லை. அந்த வேகத்தைப் பார்த்ததும் இதை எத்தனை தடவை செய்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் அதுவும் தெரிந்தது.

நகராட்சிப் பக்கம் பளிச்சென்று வந்து நின்றது. மேலே ‘11 மணிக்குத் திறக்கும்’ என்று சிவப்பு எழுத்து.

“எந்திரிங்க,” என்றாள். எழுந்தேன். “அப்புறம் பேசிக்கலாம்,” என்றாள்.

அப்பாவே பத்து நாளை நாலாக்குகிறவர். அவரால்கூட அந்த ‘அப்புறம் பேசிக்கலாம்’ என்பதைக் கொஞ்சமும் குறைக்க முடியாது.

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. மச்சான் திருப்புளியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், நிலைமை மாறினால் உதவும் என்று. பெட்டிக்காரம்மா திரையில் இருந்த எல்லா விதிகளையும் ஒருமுறை படித்து முடித்துவிட்டு, “ஏழாவது விதியும் பதினொண்ணாவது விதியும் ஒண்ணுதான்,” என்று முணுமுணுத்தார்.

சிவப்பு எழுத்து மறைந்தது. பன்னிரண்டு பச்சைக் கட்டங்கள் வந்தன. மனைவி நாலாவது கட்டத்தைத் தட்டினாள். ஒரு வட்டம் சுற்றியது. அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஏழாம் எண் சிவப்பானது. யாரோ எடுத்துவிட்டார்கள். ஒன்றாம் எண் சிவப்பானது.

“ஆறும் நல்ல இடம்தாம்மா,” என்றார் அப்பா. “நாலைக் காட்டி ஆறைக் கேட்டா…”

“மாமா, பேசாம இருங்க.”

கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் என் அப்பாவிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா பேசாமல் இருந்ததும் அதுதான் முதல் தடவை.

படிவம் வந்தது. பெயர், முகவரி, தொழில். அவள் விரல்கள் துணியில் ஊசி ஓடுவதுபோல் ஓடின. ஏற்றி வைத்திருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். மூன்றாம் எண் சிவப்பு. ஐந்தாம் எண் சிவப்பு. இரண்டு பக்கமும் எடுத்தாயிற்று. நடுவில் நாலு மட்டும் மஞ்சளாக நின்றது.

“மஞ்சள்னா என்ன?” என்றார் மச்சான்.

“நாம எடுத்துக்கிட்டு இருக்கோம்னு அர்த்தம்,” என்றார் பெட்டிக்காரம்மா. “நாலாவது விதி.”

சமர்ப்பி என்ற பொத்தானை அவள் தட்டினாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. பக்கம் ஒரு தடவை வெள்ளையாகி, பிறகு ஒரே ஒரு சொல் பெரிதாக வந்தது.

ஒதுக்கப்பட்டது.

அவள் நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கினாள். பிறகு, “அக்கா, நீங்க ஒரு தடவை படிங்க,” என்றாள்.

பெட்டிக்காரம்மா கண்ணாடியைச் சரிசெய்து படித்தார். “‘கடை எண் நான்கு. ஒதுக்கப்பட்டது.’ முழுசா சரி. கீழ பொடியா ஒண்ணு இருக்கு. ‘திங்கட்கிழமை காலை நேரில் வர வேண்டும். அண்மையில் எடுத்த புகைப்படம் இரண்டு. வெள்ளைப் பின்னணி. சிரிப்பு கூடாது.’”

இந்தத் தடவை பொடி எழுத்தை எல்லாரும் நம்பினோம். இரண்டு நாள் இருக்கிறதே, ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். இப்போதே எடுக்க வேண்டும் என்றாள் அவள். அப்பா உள்ளே போய்க் கடையின் வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்டூல்மேல் ஏறி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். மச்சான் போனைத் தூக்கினார். என்னை மேசை விளக்கைப் பிடிக்க வைத்தார்கள்.

“நேராப் பாரு. சிரிக்காதே,” என்றார் மச்சான்.

அவள் உதட்டை இறுக்கினாள். மச்சான் தட்டினார். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொண்ணு. வாயை மூடு.”

வாயை மூடினாள். கன்னம் திறந்துகொண்டது.

நாலாவது படத்தில் அவளே, “முடியலண்ணா,” என்று முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆறாவது படத்தில் அப்பா துணிக்குப் பின்னாலிருந்து, “கை கடுக்குதும்மா,” என்றார். அதற்கும் சிரித்தாள்.

“கோபம் வர்ற மாதிரி எதையாவது நினைச்சுக்கோ,” என்றேன் நான். “என்னை நினைச்சுக்கோ. ரெண்டு வருஷமாப் பொய் சொல்லியிருக்கேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். முகம் இறுகியது. “தையல் மெஷினை மூணு மாடி இறக்கறது நீங்கதான்,” என்றாள்.

“மச்சானும் ஒரு கை…”

“தனியா.”

“சரி. ரெண்டு மாடி வரைக்கும் தனியா, அப்புறம்…”

“தனியா,” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. மச்சான் தட்டினார். ஒன்பதாவது படமும் போயிற்று.

பதினொன்றாவது படத்தை மச்சான் பெட்டிக்காரம்மாவிடம் நீட்டினார். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அச்சுக்குப் போகும் பக்கத்தைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழாக மெதுவாகப் பார்த்தார்.

“வாய் சரியா இருக்கு,” என்றார். “கண்ணைத் திருத்த முடியாது. விட்டுருங்க.”